நிரூபிக்க வேண்டியது அரசுதான்: வானியலாளர் ஃபிராங்க் கமெனியின் நீண்ட வழக்கு

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா ஆடிப்போனது. விண்ணைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தவர் யார் கிடைத்தாலும் கூப்பிட்டு வேலை கொடுக்க வேண்டிய நேரம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள், ஹார்வர்டில் வானியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவரை அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு வேலையிலிருந்து நீக்கியது. அவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை. அவர் தன்பாலீர்ப்பாளர் என்று அரசுக்குத் தகவல் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஃபிராங்க் கமெனியை இன்று பலரும் போராளியாகத்தான் நினைவுகூர்கிறார்கள். வெள்ளை மாளிகை முன் பதாகை பிடித்தவர், அரசோடு வழக்காடியவர், மனநல மருத்துவர்களின் மாநாட்டில் மைக்கைப் பிடுங்கியவர். வானியல் அவர் வாழ்க்கையின் முன்னுரை போல இரண்டு வரியில் கடந்துவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் நடத்திய ஒவ்வொரு சண்டையையும் உற்றுப் பார்த்தால் உள்ளே இருப்பது ஆய்வுக்கூடத்தின் கேள்வி: இதைச் சொல்கிறாயே, ஆதாரம் எங்கே?

கமெனி 1925 மே 21 அன்று நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பதின்பருவத்திலேயே இயற்பியல் படிக்கக் குயின்ஸ் கல்லூரிக்குப் போய்விட்டார். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்தபோது, ஆண்கள்மீது ஈர்ப்பு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று பொய் சொன்னார். அப்புறம் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் மோர்ட்டார் பீரங்கிப் படையில் சண்டை போட்டுத் திரும்பினார். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போகிறவன் பொய் சொல்லித்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது என்ற ஆத்திரம் அவருக்குக் கடைசிவரை தணியவில்லை.

1948இல் பட்டம் வாங்கிவிட்டு ஹார்வர்டுக்குப் போனார். ஒளி ஏறி இறங்கும் விண்மீன்கள்தான் அவருடைய ஆய்வு. குறிப்பாக ஆர்வி டாரி என்ற வகை: மஞ்சள் நிறப் பெருவிண்மீன்கள், இவற்றின் ஒளி ஒரு முறை ஆழமாகக் குறையும், அடுத்த முறை லேசாகக் குறையும், இப்படி மாறி மாறி நடக்கும். இவற்றைக் கண்ணால் பார்த்துக் கணிக்காமல், வந்து விழும் ஒளியை மின்சாரமாக்கி அளக்கும் கருவியால் அளந்தார். அரிசோனாவிலும், வடக்கு அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்திலும் இரவுகளைக் கழித்து எடுத்த அளவுகள் 1956இல் முனைவர் பட்டமாயின.

அவருடைய ஆய்வு வழிகாட்டியைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். சிசிலியா பெய்ன்-கபோஷ்கின். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்பதை 1925இல் தன் முனைவர் பட்ட ஆய்விலேயே கண்டவர். ஆனால் அந்தக் காலத்தின் பெரிய வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அது நடக்க வாய்ப்பில்லாத முடிவு என்றார். பெய்னும் வேறு வழியில்லாமல், இந்த முடிவு உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதிச் சேர்த்தார். சில ஆண்டுகளில் ரஸ்ஸலே அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். இந்த அனுபவம் கமெனியை எப்படித் தொட்டது என்று காட்ட ஆவணம் தேடிப் பயனில்லை. ஆனால் அளவு ஒன்று சொல்ல அதிகாரம் வேறொன்று சொன்னால் எதை நம்புவது என்ற கேள்விக்கு அந்த மாணவர் பிற்பாடு கொடுத்த பதிலில் துளி தயக்கம்கூட இல்லை.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பாடம் நடத்தினார். 1957 ஜூலையில் ராணுவ வரைபடப் பிரிவில் சேர்ந்தார். ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு ஏவுகணை விட வேண்டுமென்றால் இடையில் உள்ள தூரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் அதைக் கணக்கிட வானியல்தான் வழி. அதனால்தான் வரைபடம் போடும் இடத்தில் வானியலாளருக்கு வேலை இருந்தது. சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், பணிக்காக ஹவாயில் இருந்த அவரை உடனே தலைநகருக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்தது.

விஷயம் முந்தைய ஆண்டு நடந்தது. 1956 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ பேருந்து நிலையத்தில் சாதாரண உடையில் இருந்த போலீசார் அவரைக் கைது செய்திருந்தார்கள். நன்னடத்தைக் காலம் முடிந்ததும் வழக்கு அழிக்கப்படும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் தகவல் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. விசாரணை அதிகாரிகள் அவரை உட்காரவைத்து, நீங்கள் தன்பாலீர்ப்பாளர் என்று எங்களுக்குத் தகவல் இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்றார்கள். என்ன தகவல் என்று இவர் திருப்பிக் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார்கள். அப்படியானால் நானும் பதில் சொல்ல முடியாது, அது உங்களுக்குத் தேவையும் இல்லாத விஷயம் என்றார். வேலை போனது. 1958 ஜனவரியில், கூட்டாட்சி அரசின் எந்த வேலைக்கும் தகுதியில்லை என்று தடையும் வந்தது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1953 ஏப்ரலில் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட 10450ஆம் எண் ஆணை, அரசு ஊழியரின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் பட்டியலில் ‘பாலியல் பிறழ்வு’ என்பதையும் சேர்த்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அதே பயத்தில் தன்பாலீர்ப்பாளர்களையும் தேடினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பெரும்பாலானோர் சத்தமில்லாமல் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று வெளியே சொன்னால் குடும்பம், வாடகை வீடு, அடுத்த வேலை எல்லாமே போய்விடும்.

அரசு சொன்ன நியாயம் என்ன? இவர்களை எதிரி நாட்டு உளவாளிகள் மிரட்டி ரகசியம் வாங்கிவிடுவார்கள் என்பது. 1950இல் செனட் குழு ஒன்று இதை விசாரித்தபோது, உளவுத்துறைத் தலைவர் ஹில்லன்கோட்டர் விரிவாக எடுத்துவைத்த உதாரணம், முதல் உலகப் போருக்கு முன் ரஷ்யாவுக்கு உளவு பார்த்த ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் ரெட்ல். அமெரிக்காவே இல்லாத, நாற்பது ஆண்டுப் பழைய கதை. இந்த வாதத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒருவரை மிரட்ட முடிவதற்குக் காரணமே, வெளியே தெரிந்தால் வேலை போகும் என்ற பயம்தான். அந்தப் பயத்தை உண்டாக்கி வைத்திருந்தது யார்? அரசேதான். கமெனி இதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முப்பது ஆண்டுகள் விடவே இல்லை.

முதலில் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார். வழக்கறிஞர் இனிப் பயனில்லை என்று விலகிக்கொண்டார். கையில் காசு இல்லை. ஒரு கட்டத்தில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 20 சென்ட்தான் செலவழித்தார். உருளைக்கிழங்கு மசியலில் கொஞ்சம் வெண்ணெய் போட்டுக்கொள்வதே ஆடம்பரமாக இருந்த நாட்கள். அந்த நிலையில் சட்டம் படிக்காத அந்த வானியலாளர் உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே உட்கார்ந்து எழுதினார்.

1961 ஜனவரியில் தாக்கலான அந்த மனு அசாதாரணமானது. வழக்கமாக இப்படிப்பட்டவர்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றோ, கைது நடைமுறையில் தவறு என்றோதான் வாதாடுவார்கள். கமெனி அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சிறுபான்மைக் கூட்டத்தைக் குடிமக்களில் இரண்டாந்தரமாக நடத்த அரசுக்கு என்ன உரிமை, அவர்கள் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். இனம், மதம் காரணமாக ஒதுக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றார். நீதிமன்றம் அந்த மார்ச்சில் வழக்கை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது. ஆனாலும் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமையைக் குடிமை உரிமையாக முன்வைத்து அந்த நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்த முதல் மனு அது என்றுதான் சட்ட வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

நீதிமன்றம் கைவிட்டபின் அமைப்பு கட்டினார். 1961 நவம்பரில் ஜாக் நிக்கோல்ஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து வாஷிங்டன் மட்டாஷின் சொசைட்டி என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குமுன் இருந்த இப்படியான குழுக்கள் பெரும்பாலும் உள்ளறைகளில் கூடி, மருத்துவரையோ மதகுருவையோ அழைத்துத் தங்களைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தன. கமெனிக்கு அந்தப் பணிவு பிடிக்கவில்லை. எங்களைப் பற்றிய நிபுணர்கள் நாங்கள்தான் என்றார். அதிபர், அமைச்சர்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள் என்று எல்லோருக்கும் கடிதம் எழுதித் தள்ளினார். சங்கத்தின் செய்தி மடல் எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவருக்கும் போனது. தன் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி ஹூவரின் அலுவலகம் கேட்க வேண்டிவந்தது. 1963இல் டெக்சாஸ் உறுப்பினர் ஜான் டவுடி, இந்தச் சங்கம் நன்கொடை திரட்டும் அனுமதியைப் பறிக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். கமெனி பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு முன் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். மசோதா சட்டமாகவில்லை; யாருக்கும் தெரியாமல் இருந்த சங்கத்தின் பெயர் செய்தித்தாளில் வந்ததுதான் மிச்சம்.

1965 ஏப்ரல் 17, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். கியூபா தன்பாலீர்ப்பாளர்களை வேலை முகாம்களுக்கு அனுப்பப்போகிறது என்று செய்தி வந்திருந்தது. கியூபாவைக் கண்டிக்கும் அமெரிக்கா உள்ளூரில் என்ன செய்கிறது என்று கேட்க, பத்துப் பேர் வெள்ளை மாளிகை முன் கூடினார்கள்: ஏழு ஆண்கள், மூன்று பெண்கள். ஆண்கள் அத்தனை பேரும் கோட்டும் டையும். பெண்கள் கவுன். கையில் திருத்தமான எழுத்தில் எழுதிய பதாகைகள். நடைபாதையில் வட்டமாக, ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடந்தார்கள். இந்த ஒழுங்கு கமெனியின் கட்டளை. அரசு வேலை வேண்டுமென்று கேட்பவர்கள், வேலைக்கு எடுக்கத் தக்கவர்களாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பத்திரிகைகள் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஆண்டே குடிமைப் பணி ஆணையம், பென்டகன், வெளியுறவுத் துறை என்று வரிசையாக வாசலில் போய் நின்றார்கள். ஜூலை 4 அன்று ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான மண்டபத்தின் முன் நடந்தது 1969 வரை ஆண்டுதோறும் தொடர்ந்தது.

அந்த உடுப்புக் கட்டளையை எப்படி எடுத்துக்கொள்வது? அந்தக் காலத்தில் முகத்தை வெளியே காட்டுவதே வாழ்க்கையைப் பணயம் வைப்பதுதான். தொலைக்காட்சியில் தெரியும் முதல் முகம் பக்கத்து வீட்டுக்காரரின் முகம்போல இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோட்டு போட வசதியில்லாதவர்கள், பெண்மை தெரியும் ஆண்கள், ஆண்மை தெரியும் பெண்கள் போன்றவர்களுக்கு அந்த வட்டத்தில் இடம் இருக்கவில்லை. போலீஸ் தடியை அதிகம் வாங்கியவர்கள் அவர்கள்தான். 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் சோதனைக்கு எதிராகத் திருப்பி அடித்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கடைசி ஆர்ப்பாட்டத்தில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தபோது கமெனி குறுக்கே வந்து கைகளைப் பிரித்துவிட்டார். நியூயார்க்கிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டு அந்த நிகழ்ச்சிக்குப் பதிலாக ஸ்டோன்வாலின் ஆண்டு நினைவாகப் பேரணி நடந்தது. சரி, தப்பு என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாத மனிதர் அவர்.

என் பார்வையில், அறிவியலாளர் முழு உருவில் வெளிப்பட்டது வேறொரு களத்தில். அன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு தன்பாலீர்ப்பை நோய் என்று பட்டியலிட்டிருந்தது. வேலை மறுப்பு, ராணுவத் தடை, கட்டாயச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுத்தது அந்த ஒரு வரிதான். இயக்கத்துக்குள்ளேயே பலர், நாம் மருத்துவர்கள் இல்லையே, அவர்கள் ஆராய்ந்து சொல்லட்டும் என்றார்கள். கமெனி 1964 ஜூலையில் நியூயார்க்கில் பேசியபோது இதை நேரடியாக எதிர்த்தார். அவர் அந்த ஆய்வுகளை எடுத்துப் படித்திருந்தார். கண்டது என்ன? சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள். 1962இல் வெளியாகிப் பெரும் செல்வாக்குப் பெற்ற இர்விங் பீபர் குழுவின் ஆய்வில் இருந்த 106 தன்பாலீர்ப்பாளர்களும் மனப்பகுப்பாய்வுச் சிகிச்சையில் இருந்தவர்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரே நோயாளி என்பது போன்ற தர்க்கம். எந்த வானியலாளரும் இதை விடமாட்டார். பிரகாசமான விண்மீன்கள்தான் எளிதில் கண்ணில் படும். அதை வைத்து எல்லா விண்மீனும் பிரகாசமானவை என்று முடிவுகட்டக் கூடாது என்பது அந்தத் துறையின் பாலபாடம்.

மறுபக்கத்தில் உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் 1957இலேயே வேறு மாதிரி செய்து பார்த்திருந்தார். சிகிச்சையில் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்கள், 30 எதிர்பாலீர்ப்பு ஆண்கள் ஆகியோரின் உளவியல் சோதனைத் தாள்களைப் பெயர் மறைத்து நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை.

1965 மார்ச்சில் வாஷிங்டன் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. மாறான, செல்லத்தக்க ஆதாரம் கிடைக்காத வரையில் தன்பாலீர்ப்பு நோயோ கோளாறோ அல்ல. எதிர்பாலீர்ப்புக்கு நிகரான ஒரு நாட்டம் என்றது. அந்த முதல் வரியைக் கவனியுங்கள். நாங்கள் ஆரோக்கியமானவர்கள் என்று நிரூபிக்கும் பாரத்தை அது தூக்கிக்கொள்ளவில்லை. நோய் என்று சொன்னவர் தலையிலேயே அதைத் திருப்பி வைத்துவிட்டது. சங்கத்துக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. கமெனி பிடிவாதமாக நின்று வென்றார்.

பிறகு மருத்துவர்களின் மாநாட்டுக்கே போனார். 1971 மே மாதம் வாஷிங்டனில் நடந்த அவர்களின் ஆண்டு மாநாட்டுக்குள் போராட்டக்காரர்கள் புகுந்தபோது, வழக்கமான கோட்டும் டையுமாகக் கமெனி மைக்கைப் பிடித்து, உங்கள் துறைதான் எங்களின் எதிரி, இதைப் போர் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த ஆண்டு டல்லாஸ் மாநாட்டில் அவருக்கும், இயக்கத்தின் இன்னொரு போராளியான பார்பரா கிட்டிங்ஸுக்கும் மேடையிலேயே நாற்காலி கிடைத்தது. பக்கத்தில் முகமூடியும் விக்கும் அணிந்து, குரலை மாற்றும் மைக்கில் ஒருவர் பேசினார். நான் தன்பாலீர்ப்பாளன், நான் ஒரு மனநல மருத்துவன் என்றார். அவர் ஜான் ஃபிரையர் என்ற மருத்துவர் என்பது பின்னாளில்தான் வெளியே தெரிந்தது. நோயாளிகளைப் பற்றிப் பேசக் கூடியிருந்த கூட்டத்தில், தங்களில் ஒருவரே முகத்தை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது என்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

1973 டிசம்பர் 15 அன்று மனநல மருத்துவர் சங்கத்தின் நிர்வாகக் குழு அந்த வரியை நீக்கியது. நாங்கள் மொத்தமாகக் குணமான நாள் என்று கமெனி கிண்டலடித்தார். எதிர்த்த மருத்துவர்கள் வாக்கெடுப்பு கேட்டார்கள். 1974இல் 58 சதவீதத்தினர் நீக்கத்தை ஆதரித்தார்கள். நோயா இல்லையா என்பதை ஓட்டுப் போட்டா தீர்மானிப்பது என்று இன்றும் சிலர் இதைக் காட்டிக் கேலி பேசுவதுண்டு. ஓட்டுப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னது எந்தத் தரப்பு என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இதற்கிடையே 1968இல், ‘பிளாக் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற கறுப்பின மக்களின் முழக்கத்தைக் கேட்டு ‘கே இஸ் குட்’ என்ற முழக்கத்தை உருவாக்கினார். 1971இல் தலைநகர்ப் பகுதியின் பிரதிநிதி இடத்துக்குக் காங்கிரஸ் தேர்தலிலும் நின்றார். தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு காங்கிரஸுக்குப் போட்டியிட்ட முதல் ஆள் அவர். ஆறு பேரில் நான்காவதாக வந்தார்.

அவர் செய்ததில் மிக நீண்ட, அதிகம் பேசப்படாத வேலை ஒன்று உண்டு: அரசு ரகசியங்களைக் கையாளத் தரப்படும் ‘பாதுகாப்பு அனுமதி’ பற்றிய விசாரணைகள். வேலை பறிபோகும் நிலையில் இருந்த பொறியாளர்கள், தொழில்நுட்பர்கள், ராணுவத்தினர் அவரிடம் வந்தார்கள். சட்டப் பட்டம் இல்லாமலே அவர்கள் சார்பாக வாதாடினார். உத்தி எளிது. அவரிடம் வந்தவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுத் தன்னைப் பற்றித் தானே அறிவித்துவிடுவார். இப்போது ஊருக்கே தெரியும், இனி எந்த உளவாளி எதைச் சொல்லி மிரட்டுவான் என்று கமெனி கேட்பார். 1969இல் நாசா ஊழியர் கிளிஃபோர்ட் நார்ட்டன் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்கத்துக்கும் அவர் செய்யும் வேலைக்கும் தொடர்பைக் காட்டாமல் நீக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1957இல் கமெனி விசாரணை அறையில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்விதான். 1975 ஜூலை 3 அன்று குடிமைப் பணி ஆணையம் தடையைக் கைவிட்டது. அரசு என்னிடம் சரணடைந்த நாள் என்று அவர் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பாதுகாப்பு அனுமதியில் இந்தப் பாகுபாடு கூடாது என்று அதிபர் கிளின்டன் 1995இல்தான் ஆணையிட்டார். தலைநகரில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்கும் வரைவையும் கமெனியே எழுதினார். அது நிறைவேற 1993 ஆனது.

வெற்றிக் கணக்கை இப்படி அடுக்கும்போது ஒன்று விடுபட்டுப்போகும். 1957க்குப் பிறகு அவருக்கு வானியலில் வேலையே கிடைக்கவில்லை. அப்போது 32 வயது. அன்றைக்கு அந்தத் துறையில் நல்ல வேலை என்றால் பெரும்பாலும் அரசுப் பணமும் பாதுகாப்பு அனுமதியும் இல்லாமல் நடக்காது. நிலையான வருமானம் இல்லாமலே முதுமையும் வந்தது. பார்த்தவர்கள் அவரைக் கத்திப் பேசுபவர், விட்டுக்கொடுக்காதவர், கூட வேலை செய்யக் கடினமானவர் என்கிறார்கள். சமூகமும் நானும் ஒரு விஷயத்தில் முரண்பட்டால் இன்னொரு முறை யோசித்துப் பார்ப்பேன், அப்போதும் முரண்பட்டால் நான்தான் சரி என்பது அவருடைய பிரசித்தமான நிலைப்பாடு. இந்தக் குணம் இல்லாதவர் 1958இலேயே வேறு ஊருக்குப் போய் வேறு தொழில் பார்த்திருப்பார்.

எழுதிய கடிதங்களின் நகல்களையும் வந்த பதில்களையும் வீட்டிலேயே சேர்த்து வைத்திருந்தார். 2006இல் பல்லாயிரக்கணக்கான அந்தத் தாள்கள் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. 1965இன் பதாகைகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2009 ஜூனில், பழைய குடிமைப் பணி ஆணையத்தின் வழிவந்த பணியாளர் மேலாண்மை அலுவலகம் அவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பைப் படித்த அதன் இயக்குநர் ஜான் பெரியும் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர். ஏற்றுக்கொண்டேன் என்று கமெனி அங்கேயே உரக்கச் சொன்னார். 2011 அக்டோபர் 11 அன்று 86 வயதில் இறந்தார். மறு ஆண்டு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் 40463ஆம் எண் சிறுகோளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய வேலையைப் பறிக்க அடிப்படையாக இருந்த 10450ஆம் ஆணை மட்டும் பல திருத்தங்களோடு ஏட்டில் கிடந்தது. ஒபாமா பதவி முடியும் வாரத்தில், 2017 ஜனவரி 17 அன்று அதை ரத்து செய்தார்.